ஒரு நனைப்புத் தண்ணீர்

(நமது அறக்கட்டளையின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை. கேட்க இயலாத உறுப்பினர்களுக்காகவும் வெளிநாட்டில் இருக்கும் சகோதரர்களுக்காகவும் இங்கே எழுத்து வடிவில் தரப்படுகிறது.)



எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

கூட்டத் தலைவர் அவர்களே, கண்ணியத்திற்குரிய இமாம் ஹஜ்ரத் அவர்களே, சுற்றுவட்டார ஜமாஅத் நிர்வாகிகளே, திரைக்கு அப்பால் அமர்ந்திருக்கும் தாய்மார்களே, சகோதரிகளே, நம் அழைப்பை ஏற்று வந்திருக்கும் கண்மாய்ப் பாசன விவசாயிகள் சங்கத்துப் பெரியவர்களே!

வழக்கமாக இந்த மேடையில் நான் வரவு செலவு வாசிப்பேன். கல்வி உதவி இவ்வளவு, மருத்துவ உதவி இவ்வளவு, குமர் காரியத்துக்கு இவ்வளவு, ரமழான் கிட் இத்தனை குடும்பத்துக்கு என்று சொல்லி உட்கார்ந்துவிடுவேன். அந்த அறிக்கை அச்சாகி உங்கள் கையில் இருக்கிறது. இன்று எனக்குத் தந்திருக்கும் நேரத்தைத் தண்ணீரைப் பற்றிப் பேச எடுத்துக் கொள்கிறேன். பேச்சின் முடிவில் சில தீர்மானங்களை உங்கள் முன் வைப்பேன். ஏற்பதும் மறுப்பதும் உங்கள் உரிமை.

இதற்குக் காரணமானவர் ஒரு லாத்தா. பெயர் சொல்ல மாட்டேன். கணவர் மவுத்தாகிப் பல வருடம். நம் ரமழான் கிட் பட்டியலில் ஆரம்பத்திலிருந்தே அவர் பெயர் உண்டு. மூன்று வருடத்துக்கு முன் கிட் வாங்க வந்தவர், மூட்டையைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் கேட்டார்: "தம்பி, எனக்கு ஒன்றரை ஏக்கர் நிலம் இருக்குது, தெரியுமா உங்களுக்கு?"

எனக்குத் தெரியாது. நம் விண்ணப்பப் படிவத்தில் அந்தக் கேள்வியே இல்லை. விதவையா, வயது என்ன, பிள்ளைகள் எத்தனை, வாடகை வீடா என்றெல்லாம் கேட்டிருக்கிறோம். நிலம் இருக்கிறதா என்று கேட்கவில்லை.

"நிலம் இருந்தும் ஏன் லாத்தா இந்த நிலை?" என்றேன். "வருஷா வருஷம் விதைக்கிறேன். நாலு வருஷத்துல ஒரு வருஷம் முழுசா வீட்டுக்கு வருது. மத்த வருஷம் மார்கழியில மழை நின்னு போகுது. கடைசியா ஒரே ஒரு நனைப்புத் தண்ணி இருந்தா, உங்க அரிசியை நான் வேற ஏழைக்குக் கொடுக்கச் சொல்வேன்" என்றார்.

அந்த ஒரு நனைப்புத் தண்ணீர்தான் இன்று என் பேச்சு.

நம் மண்ணும் மழையும்

நம் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆண்டுக்குச் சராசரியாக 800 மில்லி மீட்டருக்குச் சற்று அதிகமாகவே மழை பெய்கிறது. இது பாலைவனத்து மழை அல்ல. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. இதில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி என்ற மூன்று மாதத்தில், அதுவும் சில நாட்களில் கொட்டித் தீர்த்துவிடும். அந்த வெள்ளத்தைப் பிடித்து வைத்தால் உண்டு. விட்டால் கடலுக்குப் போய்விடும். வைகை நம் மாவட்டத்துக்கு வந்து சேரும்போது எந்த அளவில் வருகிறது என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும்.

முதுகுளத்தூர், கமுதி, கடலாடிப் பக்கம் விவசாயம் எப்படி நடக்கிறது? ஆவணி, புரட்டாசியில் புழுதியில் நெல்லை விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்து உட்காருகிறோம். ஐப்பசியில் மழை விழுந்தால் முளைக்கும். கார்த்திகையில் பயிர் வளரும். மார்கழி கடைசியில் கதிர் வந்து பால் பிடிக்கும் நேரம் மழை நின்றுவிடும். அப்போது கண்மாயில் தண்ணீர் இருந்தால் நெல். இல்லாவிட்டால் வைக்கோல். பல வருடங்களில் வைக்கோலும் பதர்தான்.

இதில் கவனிக்க வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. பயிர் மார்கழியில் காய்கிறபோது உழவுக் கூலி, விதை, உரம், களையெடுப்பு என்று எல்லாச் செலவும் முடிந்திருக்கும். கடன் வாங்கி முடித்திருப்பார்கள். நகை அடகுக் கடைக்குப் போயிருக்கும். பாக்கி இருப்பது ஒரு தண்ணீர் மட்டும். அது இல்லாததால் முழுச் செலவும் போகிறது. ஆகவே அந்தக் கடைசி நனைப்பின் மதிப்பு அந்தத் தண்ணீரின் விலை மட்டும் அல்ல, அந்த வருடத்துச் செலவு முழுவதும், அதற்கு வாங்கிய கடனும் சேர்ந்தது. கடன் என்றால் வட்டி. வட்டி என்றால் நமக்கு ஹராம் என்று ஜும்ஆவில் கேட்கிறோம். சனிக்கிழமை காலையில் அதே ஆள் வேறு வழியில்லாமல் அடகுக் கடையில் நிற்கிறார்.

நம் ஊர் மட்டும் இப்படி இல்லை. உலகத்துச் சாகுபடி நிலத்தில் ஏறக்குறைய 80 விழுக்காடு மழையை நம்பியது. அதிலிருந்து கிடைப்பது உணவில் சுமார் 60 விழுக்காடு. பாசன வசதியுள்ள 20 விழுக்காடு நிலமோ 40 விழுக்காடு உணவைத் தருகிறது. தண்ணீர் கையில் இருக்கிற நிலம் எவ்வளவு கூடுதலாகத் தருகிறது என்பதற்கு இந்தக் கணக்கு போதும். அதற்காக எல்லா நிலத்துக்கும் அணை கட்டிக் கால்வாய் வெட்ட முடியாது. மானாவாரி நிலத்துக்கு வேண்டியது வருடம் முழுவதும் பாய்ச்சல் அல்ல. மழை தவறுகிற இரண்டு மூன்று வாரத்தைத் தாண்ட வைக்கிற தண்ணீர். அது சின்ன விஷயம். சின்னது என்பதால் நம்மைப் போன்ற ஒரு அறக்கட்டளையின் கைக்கு எட்டக் கூடிய விஷயம்.

தீனில் தண்ணீர்

இது தீன் சம்பந்தப்பட்ட காரியமா, இதற்கு நம் பணத்தைச் செலவிடலாமா என்று நிர்வாகக் குழுவிலேயே கேள்வி வந்தது. நியாயமான கேள்வி.

விளைச்சலுக்கு உரிய ஸகாத்தான உஷ்ர் சட்டத்தைப் பாருங்கள். மழையாலும் ஊற்றாலும் தானாக விளைந்ததற்குப் பத்தில் ஒன்று. இறைத்துப் பாய்ச்சி விளைவித்ததற்கு இருபதில் ஒன்று. ஏன் பாதி குறைகிறது? தண்ணீர் இறைப்பதில் மனிதன் படுகிற பாட்டை, செய்கிற செலவை ஷரீஅத் கணக்கில் எடுத்திருக்கிறது. மத்ரஸாவில் இந்தப் பாடத்தை ஓதியபோது எனக்கு நினைவு வந்தது எங்கள் அத்தா கமலை இறைத்தது. கிணற்று மேட்டில் மாடு முன்னும் பின்னும் நடக்கும். அத்தாவும் கூடவே நடப்பார். சுபுஹுக்குப் பிறகு கட்டினால் வெயில் ஏறும் வரை நடை. பதினாலு நூற்றாண்டுக்கு முன் அருளப்பட்ட சட்டத்தில் அந்த நடைக்கு இடம் இருக்கிறது என்று தெரிந்தபோது கண் கலங்கிவிட்டது. நம் நாட்டு நிலத்துக்கு உஷ்ர் எப்படி என்பதில் உலமாக்களிடையே விளக்கங்கள் உண்டு. அதை ஹஜ்ரத் அவர்களிடம் கேட்டுக் கொள்ளுங்கள்.

மதீனாவில் ரூமா கிணற்றை உஸ்மான் (ரலி) அவர்கள் சொந்தப் பணத்தில் வாங்கி எல்லோருக்கும் பொதுவாக்கினார்கள். தாயாரை இழந்த ஸஅத் இப்னு உபாதா (ரலி) அவர்கள், தாயாருக்காக எந்த தர்மம் சிறந்தது என்று கேட்டு, தண்ணீர் என்று பதில் கிடைத்துக் கிணறு வெட்டினார்கள். ஹாரூன் ரஷீத் பாதுஷாவின் மனைவி ஸுபைதா அம்மையார் மக்காவில் ஹாஜிகளுக்காக அமைத்த நீர்வழி இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. அதே ஹாரூன் ரஷீதுக்காக இமாம் அபூயூசுஃப் (ரஹ்) எழுதிய கிதாபுல் கராஜில் வாய்க்கால்களும் தண்ணீர் உரிமையும் பேசப்படுகின்றன. வக்ஃபு என்றாலே நமக்குப் பள்ளிவாசல், கடை வாடகை, கபர்ஸ்தான் மட்டும் நினைவுக்கு வருவது பின்னால் வந்த பழக்கம்.

இன்னொன்று சொல்கிறேன். கண்மாய் வேலையைக் குடிமராமத்து என்கிறோம். ஊர்க்குடிகள் தாங்களே கூடிக் கரையைக் கட்டி, மடையைச் சரிசெய்து, வரத்துக்காலைத் தூர்வாருவது. அதில் மராமத்து என்ற பாதி அரபிலிருந்து பார்ஸி, உருது வழியாக நம் மொழிக்கு வந்த சொல். குடி தமிழ், மராமத்து அரபு. இரண்டும் சேர்ந்து ஒரு வேலையின் பெயராகிப் பல தலைமுறை ஆகிறது. வேலைதான் நின்று போயிற்று. 1960களில் தமிழ்நாட்டில் ஏரி, கண்மாய்ப் பாசனத்தில் சுமார் 9 லட்சம் ஹெக்டேர் விளைந்தது. இப்போது அதில் பாதியும் இல்லை. கண்மாய்க்குள் தண்ணீர் நிற்க வேண்டிய இடத்தில் சீமைக் கருவேலம் நிற்கிறது.

நாம் செய்ததும் தவறியதும்

அந்த லாத்தா கேட்ட பிறகு, நிர்வாகக் குழு ஒப்புதலோடு நான்கு பேர் நிலத்தில் பண்ணைக்குட்டை வெட்டினோம். நான்கில் இரண்டு நன்றாக அமைந்தன. ஒன்று தகராறில் மாட்டி மீண்டது. ஒன்று தோற்றது. அதற்கு முன்பு ஒரு பெரிய தவறும் செய்திருக்கிறோம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சில வருடங்களுக்கு முன், வெளிநாட்டில் இருக்கும் ஒரு சகோதரர் தன் தகப்பனார் பெயரில் ஸதகத்துல் ஜாரியாவாக ஓர் ஆழ்துளைக் கிணறு போடச் சொல்லிப் பணம் அனுப்பினார். மிளகாய் போடும் ஓர் ஏழை விவசாயியின் நிலத்தில் போட்டோம். தண்ணீர் வந்ததும் தக்பீர் சொன்னோம். போட்டோ எடுத்து அனுப்பினோம். தண்ணீரைப் பரிசோதனைக்கு அனுப்பவில்லை. முதல் வருடம் கொஞ்சம் உப்பாக இருந்தது. அடுத்த கோடையில் இன்னும் கூடியது. மூன்றாம் வருடம் செடியின் இலை ஓரம் கருகி, மண் மேல் வெள்ளையாகப் பூத்துவிட்டது. நம் மாவட்டத்தில் பல இடங்களில் நிலத்தடி நீர் உவர் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தெரிந்தும் அவசரப்பட்டோம். கிணறு இல்லாதபோது மழை வருடத்திலாவது அந்த மனிதருக்கு விளைந்தது. நாம் உதவி செய்த பிறகு மழை வருடத்திலும் குறைந்தது. அவர் நம்மைக் குறை சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு இன்னும் உறுத்துகிறது. அந்த மண்ணில் உவரைக் கழுவ மழைநீரைத் தேக்கி வடிக்கிற வேலையை இந்த வருடம் தொடங்கியிருக்கிறோம். அதற்கான செலவு அறிக்கையில் இருக்கிறது.

இப்போது குட்டைக்கு வருகிறேன். கணக்கு எளிது. எல்லோரும் புரிந்து கொள்ள வேண்டும், ஏனென்றால் உங்கள் பணம்.

ஓர் ஏக்கரில் ஒரு மில்லி மீட்டர் மழை என்றால் சுமார் 4,000 லிட்டர் தண்ணீர். ஒரு பருவத்தில் 500 மில்லி மீட்டர் பெய்தால் அந்த ஏக்கரில் விழுவது 20 லட்சம் லிட்டர். பெரும்பகுதியை மண் குடிக்கும். குடிக்கவும் வேண்டும். கால்வாசி ஓடி வெளியேறுகிறது என்று வைத்தாலும் 5 லட்சம் லிட்டர்.

நாம் வெட்டிய குட்டை 60 அடி நீளம், 40 அடி அகலம், 6 அடி ஆழம். பக்கச் சரிவு போக ஏறக்குறைய 10,000 கன அடி கொள்ளும். அதாவது 2 லட்சத்து 80 ஆயிரம் லிட்டர். இடம் ஐந்தரை சென்ட், கரையையும் சேர்த்தால் இன்னும் கொஞ்சம். நெல்லுக்கு இரண்டு அங்குலம் நிற்கிற மாதிரி ஒரு தண்ணீர் விட ஏக்கருக்கு 2 லட்சம் லிட்டருக்குச் சற்று மேல் வேண்டும். வெயிலில் நாளைக்கு ஏறத்தாழ 5 மில்லி மீட்டர் ஆவியாகும் என்றால் இரண்டு மாதத்தில் ஓர் அடி போய்விடும். எல்லாம் கழித்துப் பார்த்தால், ஒரு குட்டை ஓர் ஏக்கர் நெல்லுக்கு ஒரு நனைப்பு. அந்த லாத்தா கேட்டது எதுவோ சரியாக அதுதான். அதற்கு மேல் யாரும் கனவு காண வேண்டாம். குட்டை வெட்டிவிட்டுக் கரும்பு போடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

ஆனால் மிளகாய்க்குக் கணக்கு வேறு. செடிக்கு ஒரு லிட்டர் வீதம் 10,000 செடிக்கு ஊற்ற 10,000 லிட்டர்தான். தை, மாசியில் பூவும் பிஞ்சும் உதிராமல் காப்பாற்ற அதே குட்டை பல முறை கைகொடுக்கும். நம் முண்டு மிளகாய்க்கு 2023ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. பெயர் கிடைத்தது சந்தோஷம். ஆனால் பிஞ்சு உதிர்ந்து போனவருக்குப் பெயரால் என்ன பயன்? தண்ணீர் இருப்பவர் இரண்டு பறிப்பு கூடுதலாக எடுக்கிறார். வத்தலைக் களத்தில் காய வைத்து, விலை வரும் வரை வீட்டில் வைத்திருக்கிறார். இல்லாதவர் வியாபாரியிடம் வாங்கிய முன்பணத்துக்காக, அவர் சொன்ன விலைக்குப் பறித்த கையோடு போட்டுவிடுகிறார். தண்ணீர் விளைச்சலைக் கூட்டுகிறது என்று மட்டும் நினைத்திருந்தேன். விற்பவருக்குப் பேரம் பேசும் தெம்பையும் அதுதான் தருகிறது என்பதைக் களத்தில் நின்று பார்த்தபோதுதான் தெரிந்தது.

தோற்ற குட்டை எது? ஓடைக்குப் பக்கத்து நிலம். மேலே கரிசல் மாதிரி இருந்தது. நாலடிக்குக் கீழே மணல். பெய்த மழை பத்து நாளில் கீழே இறங்கிவிட்டது. முன்கூட்டியே ஒரு குழி தோண்டித் தண்ணீர் ஊற்றிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். இனி அப்படிப் பார்க்காமல் வெட்டுவதில்லை. சில நிலங்களில் ஆழமாகப் போனால் உவர் மண் வந்துவிடும். அங்கே ஆழத்தைக் குறைத்து அகலத்தைக் கூட்ட வேண்டும்.

தகராறு என்ன? மேல் வயல்காரர் வரத்து வாய்க்காலை அடைத்துவிட்டார். "என் நிலத்தில் விழுந்த மழை எனக்கு" என்றார். அவரும் நம் ஜமாஅத்துதான். மதீனாவில் இதே வழக்கு வந்திருக்கிறது. ஸுபைர் (ரலி) அவர்களுக்கும் ஓர் அன்ஸாரி தோழருக்கும் வாய்க்கால் தகராறு. மேலே இருப்பவர் தன் தேவைக்குப் பாய்ச்சிக் கொண்டு, பிறகு கீழே இருப்பவருக்குத் திறந்துவிட வேண்டும் என்பதே நாயகம் (ஸல்) அவர்கள் காட்டிய வழி. ஹஜ்ரத் அவர்கள் வரப்பிலேயே உட்கார்ந்து அந்தச் சம்பவத்தைச் சொன்னார்கள். மேல் வயல்காரர் உடனே ஒப்புக் கொள்ளவில்லை. நாலு நாள் கழித்து அவரே மண்வெட்டியோடு போய் அடைப்பை எடுத்துவிட்டார். அவருக்கும் ஒரு குட்டை வேண்டும் என்று இப்போது மனு கொடுத்திருக்கிறார்.

லாத்தாவின் நிலம்? மார்கழியில் மழை நின்றது. பயிர் பால் பிடிக்கிற நேரம். வாடகைக்கு என்ஜின் எடுத்து ஒரு நனைப்பு விட்டார். தையில் அறுத்தார். அந்த ரமழானுக்கு முன் நம் அலுவலகத்துக்கு வந்து, பட்டியலிலிருந்து தன் பெயரை எடுக்கச் சொன்னார். பள்ளிவாசல் நோன்புக் கஞ்சிக்கு என்று ஒரு பை அரிசியும் வைத்துவிட்டுப் போனார். அடுத்த வருடம் மழையே சரியில்லை. குட்டை பாதிகூட நிரம்பவில்லை. நெல் போயிற்று. குட்டைத் தண்ணீரை வைத்து வீட்டுக்குக் கத்தரி, வெண்டை போட்டார். ஆடுகளுக்குத் தண்ணீர் இருந்தது. அந்த வருடம் நாங்களே கேட்டு அவர் பெயரை மறுபடியும் எழுதினோம். இதை ஏன் சொல்கிறேன் என்றால், குட்டை வறுமையை ஒரே அடியில் ஒழித்துவிட்டது என்று யாரும் எழுதிவிடக் கூடாது. மழை தவறினால் குட்டையும் தவறும். ஆனால் முன்பு நாலு வருடத்தில் மூன்று வருடம் பட்டியலில் இருந்தவர், ஒன்றிரண்டு வருடம் மட்டும் இருந்தால் அது அவருக்கும் நமக்கும் பெரிய மாற்றம்.

பெரியவர் கேட்ட கேள்வி

நிர்வாகக் குழுவில் ஒரு பெரியவர் கேட்டார்: "பசித்து வருகிறவனிடம் குட்டை வெட்டித் தருகிறேன் என்றால், இன்றைக்கு இரவு அவன் எதைச் சாப்பிடுவான்?" இதற்கு நான் மறுப்புச் சொல்லவில்லை. அவர் சொன்னது சரி. ஆகவே ரமழான் கிட்டில் ஒரு ரூபாய் குறைக்கவும் நான் கேட்கவில்லை. நிலமில்லாதவர், வயதானவர், நோயாளி ஆகியோருக்கு அது தொடர வேண்டும். குட்டையால் நேரடியாகப் பயன் பெறுவது நிலமுள்ளவர்தான். விளைந்தால் களையெடுப்பும் அறுப்பும் மிளகாய்ப் பறிப்பும் கூலிக்காரருக்குக் கிடைக்கும் என்பது உண்மை. ஆனாலும் அதைக் காட்டி நிலமில்லாதவரின் பங்கைக் குறைப்பது அநியாயம்.

மற்றொன்று ஸகாத் பணம். ஸகாத்தை உரியவருக்கு உடைமையாக்கிக் கொடுக்க வேண்டும். பொதுக் கிணறு, பொதுக் கண்மாய்க்கு அதைச் செலவிட முடியாது என்று ஹஜ்ரத் அவர்கள் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். ஸகாத் பெறத் தகுதியுள்ள ஏழை விவசாயிக்கே பணத்தை உடைமையாக்கி, அவர் தன் நிலத்தில் குட்டை வெட்டிக் கொள்வதில் தடையில்லை என்றும் சொன்னார்கள். ஊரணி, வரத்துக்கால் போன்ற பொது வேலைக்கு லில்லாஹ், ஸதகா நிதிதான். இரண்டு கணக்கையும் தனித்தனியாக வைக்கிறோம்.

பொது வேலையில் இன்னொரு விஷயம். கண்மாய் நமக்கு மட்டும் உரியது அல்ல. ஒரே மடையில் எல்லாச் சமுதாயத்தார் வயலும் பாய்கிறது. கலுங்கு உடைந்தால் எல்லோர் வீட்டு உலையும் அணையும். சங்கத்துப் பெரியவர்கள் இங்கே வந்திருப்பதும் அதற்காகத்தான். வரத்துக்கால் தூர்வாரும் நாளில் அவர்கள் ஆள் அனுப்புவார்கள், நாமும் ஆள் அனுப்ப வேண்டும். பணம் கொடுத்துவிட்டு நிழலில் நிற்பது மராமத்து ஆகாது.

பட்டாவும் பெண்களும்

அரசாங்கம் சிறு, குறு விவசாயிகளுக்குச் சொட்டுநீர், தெளிப்புநீர்க் கருவிகளை முழு மானியத்தில் தருகிறது. மற்றவர்களுக்கு 75 விழுக்காடு. கண்மாய் வண்டல் மண்ணைத் தாசில்தார் அனுமதியோடு இலவசமாக எடுத்துக் கொள்ளலாம். குட்டைக்கும் திட்டங்கள் உண்டு. பிறகு ஏன் நம் ஆட்களுக்குக் கிடைப்பதில்லை? சிட்டா கேட்பார்கள், அடங்கல் கேட்பார்கள், சிறு குறு விவசாயி சான்று கேட்பார்கள். பட்டா யார் பெயரில்? பாட்டனார் பெயரில். பாட்டனார் மவுத்தாகி நாற்பது வருடம்.

சகோதரர்களே, இங்கே கொஞ்சம் கசப்பாகப் பேச வேண்டியிருக்கிறது. வாரிசுப் பங்கை அல்லாஹ்வே பிரித்துக் கொடுத்திருக்கிறான். பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு எட்டில் ஒன்று. மகளுக்கும் உரிய பாகம் உண்டு. நாம் பங்கு வைப்பதே இல்லை. கூட்டுப் பட்டாவாகக் கிடக்கட்டும் என்று விட்டுவிடுகிறோம். அக்கா தங்கை கேட்டால் ஊர் உறவு கெடும் என்கிறோம். விளைவு என்ன? நிலத்தில் குனிந்து களையெடுக்கிற பெண்ணுக்குக் கையில் ஒரு காகிதம் இல்லை. மானியம் இல்லை, இழப்பீடு இல்லை. அந்த லாத்தாவுக்கும் அரசுத் திட்டம் கிடைக்காததற்குக் காரணம் இதுதான். நாம் செலவு செய்ய வேண்டி வந்ததற்கும் இதுவே காரணம். அவருடைய மச்சான்மார் இப்போது எழுத்து மூலம் சம்மதம் கொடுத்துவிட்டார்கள், அல்ஹம்துலில்லாஹ். தனிப் பட்டாவுக்கு மனு போயிருக்கிறது.

தீர்மானங்கள்

இனி, உங்கள் முன் வைப்பவை:

ஒன்று. ரமழான் கிட், மருத்துவ உதவி, நிலமில்லாதவர்களுக்கான ஸகாத் ஆகியவை எந்தக் குறைவும் இல்லாமல் தொடரும்.

இரண்டு. விண்ணப்பப் படிவத்தில் நிலம் உண்டா, யார் பெயரில், தண்ணீர் எங்கிருந்து என்ற கேள்விகள் சேர்க்கப்படும்.

மூன்று. ஸகாத் பெறத் தகுதியுள்ள விவசாயிகளில் வருடத்துக்குச் சிலருக்கு, ஹஜ்ரத் அவர்களின் வழிகாட்டுதலில், குட்டைக்கான தொகை உடைமையாக்கித் தரப்படும். மண்ணைப் பார்க்காமல் குட்டை இல்லை. தண்ணீரைப் பரிசோதிக்காமல் இனி எந்த ஆழ்துளைக் கிணறும் இல்லை. யார் பணம் அனுப்பினாலும் இல்லை.

நான்கு. ஸதகா நிதியில் இரண்டு என்ஜினும் குழாயும் வாங்கி அறக்கட்டளையில் வைக்கப்படும். டீசலும் பழுதுச் செலவும் மட்டும் எடுத்துப் போகிறவருடையது. மார்கழியில் எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்பார்கள். ஆகவே யார் பயிர் முதலில் காய்கிறதோ அவருக்கு முதலில். செல்வாக்குப் பார்க்கக் கூடாது.

ஐந்து. வியாபாரியிடம் முன்பணம் வாங்காமல் இருக்க, மிளகாய் விவசாயிகளுக்கு அறுவடை வரை கர்ழே ஹஸனா. வட்டி கிடையாது. ஆனால் திருப்பிக் கட்ட வேண்டும். திரும்ப வராத கர்ழ் அடுத்தவரின் தண்ணீரை அடைத்ததற்குச் சமம்.

ஆறு. பட்டா மாறுதலுக்கு வருடத்தில் இரண்டு நாள் உதவி முகாம். சகோதரிகளின் பங்கைச் சேர்த்து எழுதாத மனுவுக்கு நம் ஆட்கள் உதவ மாட்டார்கள்.

ஏழு. வெட்டுகிற ஒவ்வொரு குட்டைக்கும் சுற்றி வேலி, ஒரு பக்கம் இறங்கும் படி. பிள்ளைகளும் ஆடு மாடும் விழுந்துவிடக் கூடாது. வேலிக்குப் பணம் இல்லையென்றால் குட்டையும் வேண்டாம்.

வெளிநாட்டில் இருக்கும் சகோதரர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஸதகத்துல் ஜாரியா என்று பணம் அனுப்பும்போது, கல்வெட்டில் பெயர் பொறிக்கச் சொல்லிக் கேட்கிறீர்கள். தூர்வாரிய வரத்துக்காலில் கல்வெட்டு நட இடம் கிடையாது. போட்டோவிலும் அது அழகாக இருக்காது. ஆனால் அதில் தண்ணீர் ஓடுகிற காலமெல்லாம், அதைக் குடிக்கிற பயிருக்கும் பறவைக்கும் ஆட்டுக்கும் உரிய நன்மை உங்கள் ஏட்டில் எழுதப்படும் என்று நம்புகிறோம். பெயரை அறிய வேண்டியவன் அறிவான்.

யூசுஃப் (அலை) அவர்கள் செழிப்பான ஏழு வருடத்தில் தானியத்தைச் சேர்த்து வைத்துப் பஞ்சமான ஏழு வருடத்தைத் தாண்ட வைத்தார்கள். நமக்கு ஏழு வருடம் வேண்டாம். ஐப்பசியில் விழுகிறதை மார்கழி வரை வைத்திருக்கத் தெரிந்தால் போதும்.

யா அல்லாஹ்! பயன் தரும் மழையை எங்களுக்குத் தருவாயாக. தந்ததைக் காக்கும் அறிவையும், காத்ததைப் பங்கிடும் மனத்தையும் தருவாயாக. எங்கள் கையால் நேர்ந்த தவறுகளை மன்னித்து, அதனால் நட்டப்பட்டவர்களுக்கு அதைவிடச் சிறந்ததை ஈடாக வழங்குவாயாக. ஆமீன்.

தீர்மானங்கள் மீது உங்கள் கருத்தைச் சொல்லுங்கள். தாய்மார்கள் பக்கமிருந்து எழுதிக் கொடுத்தாலும் வாசிக்கிறேன்.

வஸ்ஸலாம்.